மண் தின்ற டவுசர்

லின்யா சாந்தா ரீத்தா, பரனா
28 ஆகஸ்ட் 1994, ஞாயிறு

மாதா துணையிருக்கும் என் தங்கப் பேத்தி இவானீருக்குப் பாட்டி தெரேசீனா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம். உன் தங்கை ஜுசேலியா கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரலாகிவிட்டாள். உன் பெரியப்பா மகன் கில்மார் லாரி லைசென்ஸை முதல் தடவையிலேயே வாங்கிவிட்டான். அவன் அப்பனுக்கு நாலு தடவை ஆனது. நீ விவசாயப் பள்ளியில் முதலாவதாம், சாமியார் பூசையில் எல்லார் முன்னும் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அன்று நெஞ்சு கொள்ளவில்லை.

இதைச் சொல்லவா உட்கார்ந்தேன்? நேற்று டவுசரைத் தோண்டி எடுத்தோம்!

நீ சொல்லிவிட்டுப் போனபடி, ஜூன் மாதம் புனித யோவான் திருநாள் நெருப்பு அணைந்த மறுநாள் காலையில் இரண்டு உள் டவுசர்களைப் புதைத்தேன். ஒன்று, மூன்று குளிர்காலமாக நீ கறுப்பு ஓட்ஸ், கொடிப்பயறு, முள்ளங்கி எல்லாம் கலந்து விதைக்கிற நம் கீழ் நிலத்தில். மற்றது, பக்கத்து தோர்வலீனோ உழுது உழுது துடைத்த தரை மாதிரி வைத்திருக்கும் நிலத்தில். இரண்டும் தாத்தாவுடையவை, மாவுச் சாக்குத் துணியில் நான் தைத்தவை. உயிருள்ள மண்ணானால் பருத்தியைத் தின்னும், அதனால் வேறு நூல் கூடாது என்றிருந்தாய். ஆனால் இந்த ஊரில் எல்லா வீட்டுக் கொடியிலும் அதே சாக்கு டவுசர்தானே தொங்குகிறது! மாறிப்போகாமலிருக்க எப்போதும் பெயர் தைக்கிற பழக்க தோஷத்தில், இடுப்புப் பட்டியில் தாத்தா பெயரை நைலான் நூலால் தைத்துவிட்டேன். என் தப்புத்தான்.

உனக்குத் தெரியாத ஒன்று. நாளைக்கு உழ டிராக்டர்காரரை வரச் சொல்லியிருந்தார் தாத்தா. "களைக்காடா கெடக்கு, ஊரே சிரிக்குது" என்றார். அழுது பார்த்தேன், சமைக்காமலும் இருந்து பார்த்தேன். கடைசியில், "டவுசர் ரெண்டும் ஒரே மாதிரி வந்தா உழுவேன். இல்லேன்னா விட்டுர்றேன்" என்று இறங்கி வந்தார்.

முதலில் தோர்வலீனோ நிலம். மண்வெட்டி கட்டியில் பட்டு டங்கென்றது. டவுசர் முழுசாக வந்தது. அவன் அதை உதறித் தாத்தா இடுப்பில் வைத்து அளந்து, "அண்ணே, அலசிப் போட்டா நாளைக்குப் பூசைக்கே போட்டுட்டுப் போலாம்!" என்றான்.

அடுத்து நம் நிலம். கொடிப்பயறு முழங்கால் உயரத்துக்கு ஊதாப் பூவாகக் கிடக்கிறது. மண்வெட்டி தானாக இறங்கியது. அடையாளக் குச்சி நட்ட இடம்தான், டவுசரைக் காணோம்! தாத்தா குதித்தார்: "உன் நாய்தான்டா தூக்கிட்டுப் போயிருக்கு!"

"என் நாய்க்கு அவ்வளவு மட்டமான ருசி கெடையாதுண்ணே" என்றான் தோர்வலீனோ.

நான் மண்டிபோட்டுக் கையால் துழாவினேன். முதலில் எலாஸ்டிக் வந்தது. அதோடு வேரும் மண்புழுவும் சுற்றிக்கொண்டு நைலான் நூல். துணி இல்லை, தையல் இல்லை. 'அர்லிந்தோ' என்ற பெயர் மட்டும்! மற்றதையெல்லாம் மண்ணுக்குள் இருக்கும் உன் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் தின்று தீர்த்துவிட்டது.

தோர்வலீனோ சிரிப்பை நிறுத்திவிட்டான். அவன் மண் ஒரு கையில், நம் மண் ஒரு கையில் வைத்துப் பார்த்தேன். அவனுடையது செங்கல், நம்முடையது காப்பித் தூள். இலை காற்றிலிருந்து பிடிக்கிற கரியை வேர் கீழே இறக்கிவிடும் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாத்தா என் கையிலிருந்ததை வாங்கி மோந்தார். விடாமல் மோந்தார். "எங்கப்பா காடு வெட்டுன வருசம் இந்த வாசந்தான் அடிச்சுது" என்றவர், நேரே டிராக்டர்காரர் வீட்டுக்கு நடந்தார். நாளைக்கு யாரும் உழ வரப்போவதில்லை, கண்ணே!

இன்று காலை மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "அந்தப் பொண்ணு வெதையெல்லாம் எந்த அளவுல கலப்பா?" என்று கேட்டார். மேல் நிலத்துக்கும் வேண்டுமாம். எனக்கென்ன தெரியும் என்றேன். நீ எழுதிக் கொடுத்த தாள் என் மாவு டப்பாவில்தான் இருக்கிறது. அவரே உன்னைக் கேட்கட்டும்.

நீ கிளம்பிய அன்று, "களை வளக்க ஒரு படிப்பா?" என்று அவர் எல்லார் முன்னும் கேட்டதும், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, அந்தப் போட்டோதான் இங்கே சுவரில் இருக்கிறது. மத்தியானம் அதைக் கழற்றிச் சட்டைக் கையால் துடைத்து, "இதுல மூஞ்சியே தெரியலையே" என்றார்.

மாதா உன்னைக் காப்பாளாக. நேராகப் பார்த்து, சிரித்தபடி, புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு, கண்ணே.

உன் பாட்டி,
தெரேசீனா