கொதிக்கவைத்த காடி

காலையில் சமையலறைக் கதவைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. பாலுக்கு அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன். ஜன்னலோரம், நேற்று ராத்திரி நான் திரும்பக் கொண்டுவந்து வைத்த அந்தப் பீங்கான் ஜாடி இருந்தது. வாயில் என் பழைய வேட்டித் துண்டு, அதைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு. நேற்று அதை எடுத்துப்போக வந்த உன் மகள், எடுக்காமல் என் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் என் வாயால் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டிய ஆள் நீ. அதனால் எழுதுகிறேன்.

எதிரும் புதிருமான இரண்டு ஃப்ளாட்டில் பதினோரு வருஷம் இருந்தோம். முதல் ஏழு வருஷம் நாம் பேசிக்கொண்டது லிஃப்டைப் பற்றி மட்டும்தான். அதுவும் சண்டை. குப்பையை மாடிப்படியில் வைக்கிறாய் என்று சங்கத்துக்கு உன்மேல் புகார் எழுதினவன் நான். உன் மனைவி ரோஸி போன மறு வருஷம் என் மனைவியும் போய்விட்டாள். துக்கம் கேட்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, ஒரு சாயங்காலம் கதவைத் தட்டினாய். கையில் மூடின கிண்ணம்.

"இன்னா சாமி, சாப்ட்டியா? பயப்படாத. கத்திரிக்காதான். புது சட்டில செஞ்சேன், உனுக்குன்னே வாங்கினேன்."

கப்பலில் முப்பது வருஷம் சமையல்காரனாக இருந்தவன் நீ. ஊரூர் குப்பத்தில் பிறந்து, உலகத்துக்கெல்லாம் ஆக்கிப்போட்டு, கடைசியில் அடையாற்றில் ஒரு மயிலாப்பூர்க்காரனுக்குக் கத்தரிக்காய் வறுத்துக் கொண்டுவந்தாய். எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய், முழுச் சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய், அரைத்த கடுகு. அதற்கெல்லாம் மேலே ஒரு புளிப்பு. புளியும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. வாயில் வைத்ததும் சட்டென்று கண்ணில் தண்ணீர் வந்தது. நான் அழுவதாக நினைத்து நீ சுவரைப் பார்த்துக்கொண்டாய். அழுதேனா என்று எனக்கே இன்றுவரை தெரியாது.

"இன்னாது இது, ஊசிப் போச்சா?" என்று உன் பாஷையிலேயே கேட்டேன்.

"காடி, சாமி. வினிகரு. எங்க ரோஸி வச்சது."

எங்கள் வீட்டில் புளித்த வாடை அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தயிரைத் தவிர வேறெது புளித்தாலும் ஒன்று கொட்ட வேண்டும், இல்லையென்றால் கொதிக்கவைக்க வேண்டும். அம்மா காலம் தொட்டு அதுதான் வழக்கம். மிஞ்சின குழம்பைச் சாயங்காலம் ஒரு கொதி, மறுநாள் காலை ஒரு கொதி. வற்றல் குழம்பை நாலு நாள்கூட அப்படியே ஓட்டுவோம். "கொதி பட்டா தோஷமில்லை" என்பாள் என் மனைவி. ஃப்ரிட்ஜ் வந்த பிறகும் அந்தப் பழக்கம் எங்கள் கையை விட்டுப் போகவில்லை.

உன் சமையலறை எனக்கு வேறு தேசம். பாட்டில் பாட்டிலாகப் புளிப்பு வைத்திருப்பாய். பன்னீர் திராட்சையில் போட்டது கறுஞ்சிவப்பு, அது பீட்ரூட்டுக்கும் வெங்காயத்துக்கும். அன்னாசிப்பழத் தோலை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டது மாங்காய்க்கு. கரும்புச்சாற்றில் போட்டது உன் மீனுக்கு. அந்தப் பாட்டிலை மட்டும் நான் வரும்போது கொஞ்சம் உள்ளே தள்ளிவைப்பாய். கடையில் விற்கிற வெள்ளை வினிகரை ஒரு நாள் பெருமையாக வாங்கிவந்து நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "ஜன்னல் கண்ணாடி தொடைக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தாய். "புளி அடிச்சுப் பேசும், எலுமிச்ச கத்தும். காடி காதாண்ட வந்து சொல்லும், சாமி" என்பாய்.

எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த ஜாடி. தேங்காய்த் தண்ணீர்க் காடி. கல்யாணமாகி வந்தபோது ரோஸி தூத்துக்குடியில் தன் அம்மா வீட்டிலிருந்து ஒரு மருந்து பாட்டிலில் கொண்டுவந்த ஏடு அது. பாலாடைபோல மேலே மிதக்கும். தேங்காய்த் தண்ணீர் ஊற்ற ஊற்ற அதுவே அதைப் புளிக்கவைத்துக் காடியாக்கும். நாற்பது வருஷமாக உயிரோடு இருந்தது. அவள் போய்விட்டாள், அவள் கை பட்டதில் அது ஒன்றுதான் இன்னும் வளர்கிறது என்றாய். தினமும் காலையில் துணியை விலக்கி, "இன்னா ரோஸி, தூங்கினியா?" என்று கேட்பாய். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பொறாமை வந்தது. என் வீட்டில் என் மனைவி கை பட்டது என்று எது மிச்சம்? பீரோ நிறையப் புடைவை, அவ்வளவுதான். அவற்றிடம் பேச முடியாது.

வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு நான் உடைக்கும் தேங்காயின் தண்ணீர் அதற்கப்புறம் உன் ஜாடிக்குத்தான் வந்தது. "உங்க புள்ளையாரு ஊத்தறாரு, எங்க ரோஸி குடிக்கிறா. எந்த சாமிக்கு இன்னா நஷ்டம்?"

போன ஐப்பசியில் உனக்கு நெஞ்சில் வலி வந்து, ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். முந்தின நாள் ஜாடியை இடுப்புக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். "ஒண்ணும் பண்ணாத, சாமி. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தண்ணி ஊத்து. மூடிய இறுக்காத. அவ்ளோதான்." மூன்று தடவை சொன்னாய். நான்கூட எரிந்து விழுந்தேன். "நாப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவன்டா நான். ஒரு ஜாடியப் பார்த்துக்கத் தெரியாதா?"

அந்த வாரம் விடாத மழை. துணி ஈரம், சுவர் ஈரம், துவரம்பருப்பில் வண்டு. வியாழக்கிழமை துணியை விலக்கினால் ஏட்டின்மேல் வெள்ளையாகச் சுருக்கம் சுருக்கமாக ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சை! ஆஸ்பத்திரியில் நீ மயக்கத்தில் கிடக்கிறாய், இங்கே உன் ரோஸி கெட்டுப்போகிறாள். யாரைக் கேட்பது? யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது. எவர்சில்வர் பாத்திரத்தில் ஏட்டோடு சேர்த்து ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். மூன்று கொதி, நன்றாகத் தளதளவென்று. வீடு முழுக்க அந்தப் புளிப்பு ஆவி, கண் எரிந்தது. அப்பாடா, காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேனே பாவி! ஆறினதும் பார்த்தால் ஏடு வெந்த நுங்குபோலச் சுருங்கி அடியில் கிடந்தது. அழுக்கு என்று கரண்டியால் எடுத்துப் பச்சைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மறுநாள் காலை வண்டி வந்து எடுத்துப்போய்விட்டது.

நாலாம் நாள் உன்னைப் பார்க்க வந்தேன். மூக்கில் குழாயோடு நீ கேட்ட முதல் கேள்வி, "எப்டி கீறா?"

"நன்னா இருக்கா" என்றேன்.

அப்போதுகூட எனக்கு முழுசாகத் தெரியாது. ஆனால் ஏடு திரும்ப வரவில்லையே என்று ஓர் உறுத்தல் இருந்தது. வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினேன். யாரோ ஓர் ஆள் வீடியோவில் சிரித்துக்கொண்டே சொன்னான்: மேலே வெள்ளை படர்ந்தால் வழித்துப் போட்டால் போதும், எக்காரணம் கொண்டும் சூடு காட்டக் கூடாது, செத்துப்போகும். அதை ஐந்து தடவை போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னான்.

அப்புறம் செய்தது அறியாமை இல்லை. அதற்கு எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வாய் இல்லை. ஆட்டோ பிடித்து தி. நகர் போனேன். பெரிய கடையில், அடியில் கலங்கலாக ஏடு கிடக்கும் ஆப்பிள் வினிகர் ஒரு பாட்டில் வாங்கினேன். பாதியை உன் ஜாடியில் ஊற்றினேன். பத்து நாளில் புது ஏடு படிந்தது. வழுவழுவென்று, வட்டமாக, பார்ப்பதற்கு அச்சு அசல். பால்காரன் தண்ணீர் கலந்ததற்கு மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினவன் நான். நீகூட, "கோர்ட்டுல பொறந்திருக்கணும் சாமி நீ" என்று கிண்டல் செய்திருக்கிறாய்.

நீ திரும்பி வந்தாய், இளைத்து, சட்டை தொளதொளவென்று. உட்காரக்கூட இல்லை. ஜாடியை வாங்கித் துணியை விலக்கிக் குனிந்தாய். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு துணியை மூடி, "நல்லா பாத்துக்கினே, சாமி" என்றாய். அவ்வளவுதான். அன்றைக்கு அவள் பெயரைச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் சொல்லவில்லை.

எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததைப் புரியாததுபோல வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் நீ அந்தக் காடியில் சமைத்தாய். அதே கத்தரிக்காய், எனக்கென்று வாங்கின அதே சட்டியில். நானும் தின்றேன். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொரு நாளும் கேட்பாய், "அப்பறம் சாமி? வேற இன்னா?" நான் மின்சார பில்லைப் பற்றிப் பேசுவேன், சங்கச் செயலாளரைத் திட்டுவேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போவாய். மாசி மாதம் ஒரு மத்தியானம் சோபாவில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டைப் பூட்டும்போது உன் மகள் ஜாடியை என்னிடம் தந்தாள். "அப்புறமா வந்து வாங்கிக்கறேன் அங்கிள்." அன்றிலிருந்து என் வீட்டில் நான் தனியாக இல்லை. துணியை விலக்கும்போதெல்லாம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பதுபோல இருக்கும். உப்புமா தாளித்தாலும் அந்த வாடைதான். குளித்துவிட்டு வந்தாலும் கையில் அந்த வாடைதான். கொட்டிவிடலாம் என்று இரண்டு தடவை தூக்கினேன், முடியவில்லை. அதுவோ தடித்துக்கொண்டே போகிறது. ஏட்டுக்கு மேல் ஏடு.

நேற்று உன் மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று, ஜாடியை எடுத்துப் போகிறேன் என்றாள். சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். அவள் வாசலில் நின்றதும், ரோஸியின் அந்த அகல நெற்றியைப் பார்த்ததும், என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "பத்திரமா எடுத்துண்டு போம்மா. உங்கம்மா கை பட்டது."

அவள் ஜாடியை வாங்கிக்கொண்டாள். என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"அப்பா ஆஸ்பத்திரிலேந்து வந்த அன்னிக்கே போன்ல சொல்லிட்டாரு அங்கிள். 'உங்கம்மா பூட்டா, சாமி வேற எதையோ ஊத்தி வச்சிகீறான்'னு. எனக்குக் கோவம் வந்துச்சு. நான் பேசறேன் உங்ககிட்டன்னேன். 'வேணாம்மா, பயந்துனு கீறான். அவனா வந்து சொல்லுவான்'னாரு. அப்புறம் எப்ப போன் பண்ணாலும் கேப்பேன், சொல்லிட்டாராப்பா? 'இன்னும் இல்ல'ம்பாரு. கடைசியா, அந்த மத்தியானத்துக்கு மொத நாளும் கேட்டேன்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"'நாளைக்கு சொல்லுவான்'னாரு."

கதவை அவளே சாத்திக்கொண்டு போனாள். கோபமாகச் சாத்தவில்லை. கோபமாகச் சாத்தியிருந்தால் தேவலை.

நேற்றிலிருந்து எனக்குள் ஓடுவது ஒன்றுதான். ரோஸி செத்தது என் அடுப்பில். அதைத் தெரியாத்தனம் என்று நீயே விட்டிருப்பாய். ஆனால் அவளுக்காக நீ இரண்டாம் தரம் அழ வேண்டியிருந்தது. அதை என் எதிரில் அழ நான் உன்னை விடவில்லை. தொண்ணூறு நாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எதிர் வீட்டுக்குப் போய்த் தனியாக அழுதாயா? அதை இனி நான் யாரைக் கேட்பேன்?

எங்கள் பக்கத்தில் இடுகாடு சுடுகாடு போனால் தலைமுழுக வேண்டும், அதனால் உன் அடக்கத்தன்று சர்ச் வாசலோடு திரும்பிவிட்டேன். அதற்கும் நீ ஏதாவது கிண்டல் சொல்லியிருப்பாய். இதை எழுதி முடித்ததும் உன் கல்லறைக்கு வருகிறேன். ஜாடியைக் கொண்டுவர மாட்டேன். பூவும் வேண்டாம். வந்து, நின்று, நான்தாண்டா கொதிக்கவைத்தேன் என்று சத்தமாகச் சொல்லப்போகிறேன், பக்கத்தில் யார் இருந்தாலும் சரி. ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. நாளைக்கு இல்லை, இன்றைக்கே.