உன் எண்ணுக்கு அனுப்பிய பத்து வரி

என் அருமைச் சம்பந்தி செல்விக்கு,

இப்படிக் கூப்பிட்டால் நீ சிரிப்பாய் என்று தெரியும். என் மகனும் உன் மகளும் தொட்டிலில் கிடந்தபோதே நாம் இருவரும் சம்பந்தம் பேசி முடித்துவிட்டோம். பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது உன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. என் மகன் அவளை ஓட்டைவாய் என்கிறான், அவள் அவன் முதுகில் சாத்துகிறாள். சம்பந்தம் நடக்குமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவள் பத்தாம் நாள் இல்லை. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் வேறெதையும் எழுத முடியாது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் இருவர் பெயரிலும் வந்த அந்த நீர்மட்ட வரைபடம் தப்பு, செல்வி. தப்பு என்னுடையது. படம் ஊர் பார்க்கத்தான் அச்சானது, ஆகவே இந்தக் கடிதத்தையும் ஊர் படிக்கும்படிதான் எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு நாம் என்ன வேலை செய்தோம் என்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், கொஞ்சம் பொறுத்துக்கொள். திருக்கோகர்ணத்தில் நான் வேலை பார்க்கும் சின்ன அறக்கட்டளை, கீரமங்கலம் பக்கத்து ஊர்களில் கிணற்று நீர்மட்டத்தை மாதாமாதம் குறித்து வாங்குகிறது. விவசாயிகளே கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, தரையிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று நோட்டில் எழுதுவார்கள். உன் அப்பாவும் அவர்களில் ஒருவர். நான் போய் வாங்கி வந்து கணினியில் ஏற்றுவேன். ஆலங்குடியில் உன் மாமியார் வீட்டில் இருந்துகொண்டே நிரல் எழுதி அதைப் படமாக்கித் தருவது நீ. கல்லூரியில் இருவரும் புள்ளியியல்தான் படித்தோம். எனக்கு மார்க் வந்தது, உனக்குப் புள்ளியியல் வந்தது.

நீ எனக்கு மட்டுமா உதவினாய்? இணைய மன்றத்தில் எந்தெந்த ஊர் ஆராய்ச்சி மாணவர்களோ நிரல் ஓடவில்லை, படம் கோணலாக வருகிறது என்று புலம்புவார்கள். சோறு வேகிற நேரத்தில் அவர்களுக்குப் பதில் எழுதுவாய். எல்லாருக்கும் ஒரே சட்டம். எனக்கும் அதேதான்.

"அழுது வடியாத. பத்து வரி அனுப்பு. என்ன வரும்னு நெனச்ச, என்ன வந்துச்சு, அத மட்டும் சொல்லு."

முழுக் கோப்பை அனுப்பினால் திறந்துகூடப் பார்க்க மாட்டாய். எந்தப் பத்து வரியில் கோளாறு என்று நானே தேடி எடுத்து அனுப்ப வேண்டும். பாதி நாள் தேடும்போதே கோளாறு கண்ணில் பட்டுவிடும், வேண்டாம் கிடைத்துவிட்டது என்று எழுதுவேன். நீ ஒரு கும்பிடு பொம்மை அனுப்புவாய். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

அந்தப் படத்தை முதலில் எடுத்தபோது ஊர்ப் பெயரெல்லாம் எழுத்தாக வராமல் வெறும் கட்டம் கட்டமாக வந்ததே, நினைவிருக்கிறதா? ஆங்கிலத்தில் போட்டுத் தொலைப்போம் என்றேன். உன் அப்பா படிக்க வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். தமிழ் எழுத்துரு எங்கே இருக்கிறது என்று நிரலுக்குப் புரியவைக்க இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாய். படத்தில் தரை மேலேயும் ஆழம் கீழேயும் இருக்கும்படி செங்குத்து அச்சைத் தலைகீழாக வைத்ததும் நீதான். பார்க்கிறவனுக்குக் கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றாய்.

அந்தப் படத்தில் உன் அப்பா ஊரின் கோடு வருடத்துக்கு வருடம் மேலே ஏறியது. தண்ணீர் ஏறுகிறது என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆலங்குடி பேருந்து நிலையத்தில் ஆளுக்கொரு ரோஸ் மில்க் குடித்தோம். உன் பெயர் தமிழில் அச்சான முதல் தாள் என்று உன் அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். இப்போது பக்கத்திலேயே மாலை போட்ட உன் போட்டோவும் இருக்கிறது.

போன மாதம் புதிய அறிக்கைக்கு நானே படம் போட உட்கார்ந்தேன். இந்த முறை வருட சராசரி வேண்டாம், மாதவாரியாகப் போடு என்றார் எங்கள் செயலாளர். போட்டால் சித்திரையிலும் வைகாசியிலும் கிணறுகள் தளும்பி நிற்கின்றன, ஐப்பசி மழையில் இறங்குகின்றன. நீ தலைகீழாக வைத்த அச்சில்தான் ஏதோ குழப்பம் என்று நினைத்தேன். இரண்டு நாள் நிரலை அங்கிட்டும் இங்கிட்டும் புரட்டினேன். கடைசியில் ஒன்றும் முடியாமல் பத்து வரி எடுத்தேன். நோட்டுகளிலேயே ஒழுங்கான நோட்டு உன் அப்பாவுடையது, அதனால் அதிலிருந்தே எடுத்தேன். பழக்க தோஷத்தில் உன் எண்ணுக்கே அனுப்பிவிட்டேன், செல்வி. கோடையில் குறையும் என்று நினைத்தேன், கூடி வருகிறது என்றும் கீழே எழுதினேன். அனுப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் உன் பெயரில் அழைப்பு வந்தது. எடுத்தேன். மறுமுனையில் உன் அப்பா. தங்களிடம் வளரும் பேத்தி உன் போட்டோக்களைப் பார்க்க வேண்டும் என்று அந்த போனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்.

"ஏத்தா செயந்தி, நம்ம கெணத்தப் பத்தி அனுப்பியிருக்கியே. சித்திரையில சைபர்னு இருக்குல்ல, அது தண்ணி இல்லாததுக்குப் போட்டது. கல்லு அடியில போயி முட்டுச்சு. தண்ணி இல்லன்னா சைபர்தானே போடணும்?"

தரையிலிருந்து தண்ணீர் பூஜ்யம் அடி என்றால், நிரலின் கணக்கில் கிணறு விளிம்புவரை நிறைந்திருக்கிறது. வற்றிய கிணற்றுக்காரர்கள் தண்ணீர் இல்லை என்று போட்ட பூஜ்யத்தை எல்லாம் நிறைகிணறு என்று சேர்த்திருக்கிறோம். எத்தனை கிணறு வற்றியதோ அத்தனைக்குக் கோடு ஏறியிருக்கிறது.

வழக்கமாக விவசாயிகளின் பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டுத்தான் உனக்கு அனுப்புவேன், அது எங்கள் அலுவலக விதி. அதனால்தான் உன் அப்பாவின் கிணறு உன் கண்ணெதிரே கிடந்தும் உனக்குத் தெரியவில்லை. இந்த முறை பெயரை எடுக்க மறந்து அனுப்பினேன். மறந்ததால் பிடிபட்டது.

அப்படியும் நீ விட்டுவிடவில்லை என்பது அன்று மாலைதான் தெரிந்தது. உன் பழைய நிரலைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தேன். கணினி தாண்டிப் போகிற, மனிதர் படிப்பதற்கான குறிப்பு ஒன்றை அதில் எழுதி வைத்திருக்கிறாய்: "0 என்றால் என்ன? ஜெயந்தியிடம் கேட்டேன். நிறைந்த கிணறு என்றாள்."

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. கீரமங்கலம் போகிற பேருந்தில் திருவரங்குளத்தில் கூட்டம் ஏறிவிட்டது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். கோடையில் எப்படி நிறையும் என்று நீ கேட்டாய். கோடை மழை பெய்ததே என்று சொல்லி வைத்துவிட்டேன். எந்த நோட்டையும் புரட்டவில்லை, எந்தக் கிணற்றுக்காரரையும் கேட்கவில்லை. களத்துக்குப் போகிறவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நீ நம்பிவிட்டாய். ஏன்டி நம்பினாய்?

இது நமக்குள் முடிகிற தப்பாக இருந்தால் உன் போட்டோ முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இந்த வருடம் வரத்து வாய்க்கால் தூர்வாரும் பட்டியலிலிருந்து உன் அப்பா ஊரை ஒன்றிய அலுவலகத்தில் எடுத்திருந்தார்கள். தண்ணீர் ஏறிய ஊருக்கு எதற்கு என்று கேட்டால் என்ன பதில்? வெள்ளிக்கிழமை ஊர்க்காரர்களையும் வைத்து நடக்கும் கூட்டத்தில் பட்டியல் முடிவாக இருந்தது. அதற்குமுன் நான் வாய் திறக்க வேண்டும். திறந்தால் நீ போட்ட கடைசிப் படம் தப்பு என்று நாலு பேர் நடுவில் சொல்ல வேண்டும். நீ எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. படத்தின் கீழே சின்னதாக ஒரு குறிப்புப் போட்டுச் சமாளிக்கலாமா என்றுகூட ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன்.

சரி, முதலில் படத்தைத் திருத்துவோம் என்று உட்கார்ந்தேன். பூஜ்யங்களை மொத்தமாக அழித்துவிடலாமா என்று சந்தேகம். உன் மன்றத்திலேயே கேட்டேன். பத்து வரி, நினைத்தது, வந்தது. எங்கோ இருக்கிற ஒருவர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். அழிக்காதே, அழித்தால் வற்றிய கிணறுகள் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். தண்ணீர் அடித்தரைக்கும் கீழே என்றுதான் அதற்கு அர்த்தம். ஒவ்வொரு கிணற்றின் முழு ஆழத்தையும் கேட்டு வாங்கி, வற்றிய மாதத்தை அந்த ஆழத்தில் வேறு குறியாகப் போடு என்றார். அவருடைய பழைய கேள்விகளைத் தேடிப் பார்த்தேன். ஒன்றுக்கு நீ பதில் எழுதியிருக்கிறாய். அவரையும் பத்து வரி அனுப்பச் சொல்லித்தான் திட்டியிருக்கிறாய்.

கிணற்றின் ஆழம் கேட்கிற சாக்கில் உன் அப்பாவைப் பார்க்கப் போனேன். உன் அம்மா காபி கொடுத்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனார்கள். சுவரைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். செல்வி கேட்டாள், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன். அவர் காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். கோபம் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்த்தா," என்றார். "படத்தக் கொண்டாந்து காட்டுன அன்னிக்கே தெரியும். ஊர்க் கெணறெல்லாம் வத்திக் கெடக்கு, இதுல ஏறுதேன்னு நெனச்சேன். படிச்ச புள்ள போட்டுருக்கு, அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு இருந்துட்டேன். எம்புட்டுச் சந்தோசமாக் காட்டுச்சு தெரியுமா. அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அதே திருத்தியிருக்கும்."

இருவரும் அழுதோம். பிறகு அவரே நாற்காலி போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி, துண்டால் தூசி துடைத்து என் மடியில் வைத்தார்.

"கண்ணாடி இருக்கட்டும். உள்ள உள்ளத மாத்திக் குடு. அது பேரு மட்டும் விட்டுப்போகாம பாத்துக்க."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இரண்டு படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துச் சொன்னேன். செல்வி கேட்ட கேள்விக்கு நான் கேட்காமல் பதில் சொன்னதால் வந்தது என்று உள்ளதைச் சொன்னேன். செயலாளர் முகம் கறுத்துவிட்டது, அச்சான அறிக்கைகளைத் திரும்ப வாங்க வேண்டுமே. பின்வரிசையில் ஒரு பெரியவர், கிணற்றை எட்டிப் பார்த்தாலே தெரிகிறதற்கு இம்புட்டுப் பாடா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். பட்டியலில் உன் அப்பா ஊர் இப்போது இரண்டாவதாக இருக்கிறது. ஆவணிக்குள் முடிப்பதாகச் சொல்கிறார்கள். முடிப்பார்களா? போய் நின்று பார்க்கத்தான் போகிறேன்.

புதுத் தாளை முதலில் அச்செடுத்தபோது உன் பெயர் கட்டம் கட்டமாக வந்தது. அலுவலகத்தில் கணினியை மாற்றியிருந்தார்கள், எழுத்துரு இல்லை. யாரையும் கேட்கவில்லை. நீ மல்லுக்கட்டி எழுதிய அந்த வரியைத் தேடி எடுத்து நானே சரிசெய்தேன். இரண்டாம் தாளில் உன் பெயர் முழுசாக வந்தது. அதன் கீழே என் பெயர். அதன் கீழே, அளந்து தந்தவர்கள் என்று எல்லா விவசாயிகளையும் கேட்டு, சம்மதம் வாங்கி, அவர்கள் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.

போன ஞாயிறு கொண்டுபோய் மாட்டினோம். கோடு இறங்குகிறது, செல்வி. பார்க்க நன்றாக இல்லை. வற்றிய மாதங்களுக்கு வெறும் வட்டம் போட்டிருக்கிறேன். உன் அப்பா கண்ணாடியின் மேல் விரலை வைத்து, தரையிலிருந்து கீழே கீழே வந்து, அடியில் இருக்கிற முதல் வட்டத்தில் நிறுத்தினார். "இது நான் போட்ட சைபர்," என்று பேத்தியிடம் காட்டினார்.

நிரலில் உன் குறிப்பை அழிக்கவில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "ஜெயந்தி தவறாகச் சொன்னாள். செல்வியின் அப்பாவிடம் கேட்டோம். 0 என்றால் தண்ணீர் இல்லை." கேட்டோம் என்றுதான் எழுதினேன். உன் எண்ணுக்கு அனுப்பியதால்தானே பதில் வந்தது.

இனி யார் கேட்டாலும் நோட்டைப் புரட்டாமல், எழுதியவரைக் கேட்காமல் பதில் சொல்ல மாட்டேன். உன் மகள் வளர்ந்து எந்தக் கேள்வியோடு வந்தாலும் அப்படித்தான் சொல்வேன். பத்து வரி அனுப்பச் சொல்லி அவளையும் ஒரு நாள் திட்டுவேன். அப்போது கோபப்படாதே.

இப்படிக்கு,
ஓட்டைவாய்க்காரியின் வருங்கால மாமியாரும்
உன் சம்பந்தியுமான
ஜெயந்தி