இருபத்திரண்டு வருஷத்துல தப்பிப்போன ஒரு ஜோடி

கிள்ளான்,
பிப்ரவரி 9

அன்பு மகள் தாமரைக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் இங்க நல்லா இருக்கோம், வெயில்தான் மண்டையப் பொளக்குது, சீனப் பெருநாள் முடியிற வரைக்கும் இப்படித்தான் காயும். நீ நலமான்னு இந்தத் தடவை கேக்கப்போறதில்ல, கேட்டா நலம்னுதான் சொல்லுவே. அதனால நேராவே கேக்குறேன், உன் வலது கை ஆள்காட்டி விரலும் நடு விரலும் எப்படி இருக்கு? முழிக்காதே. கத்திரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்.

உன் தம்பி லோகேஷைத் திட்டாதே, அவன் வேணும்னு சொல்லல. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போயிட்டு வரும்போது கார்ல நான் பாட்டுக்கு அக்கா அடுத்து எந்தப் பனிமலைக்குப் படம் எடுக்கப் போறாளாம்னு கேட்டேன், அவன் ஓட்டுற கவனத்துல இந்த சீசன் டாக்டர் விடமாட்டாராம்மான்னு சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டான். அப்புறம் விடுவேனா. காஜாங்ல இருக்கிற அவன் வீட்டுக்குப் போகவிடாம நேரா நம்ம வீட்டுக்கு வரவச்சு, சொன்னாத்தான் சோறுன்னுட்டேன். லென்ஸ் பையைத் தூக்கிக்கிட்டு ஒரு மணி நேரம் மலை ஏறினியாம், வேர்த்து ஊத்துச்சாம், அப்புறம் ஸ்கீ போட்டிக்காரங்க வர்ற வளைவுல மைனஸ் இருபத்திரண்டுல மூணு மணி நேரம் ஆடாம அசையாம நின்னியாம். விரல் நுனி மெழுகுவத்தி மாதிரி வெளுத்துப்போய், அப்புறம் கொப்புளம் கட்டுச்சாம். இன்னொரு தடவை உறைஞ்சா நுனியை எடுக்கவேண்டி வரலாம்னு டாக்டர் சொன்னாராம். இது வரைக்கும்கூட நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன் மா. என்ன கிளவுஸ் போட்டிருந்தாள்னு கேட்டப்பத்தான் அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அதை மட்டும் அம்மாகிட்ட சொல்லவே கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கியிருக்கான்னான். எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு.

தீபாவளிக்கு வீடியோ கால்ல நீதான் சொன்னே, பனி விழுந்து உல்லன் கிளவுஸ் நனைஞ்சுபோகுது, பட்டன் அமுக்கவே முடியலன்னு. நான் பெரிய இவளாட்டம், கிளவுஸ் விஷயத்தை என்கிட்ட விடுன்னுட்டேன். உள்ள காட்டன், அதுக்கு மேல ரப்பர், அதுக்கு மேல உல்லன், தண்ணி ஒரு சொட்டு இறங்காதுன்னு சட்டம் போட்டு, பத்து ஜோடி காட்டன் உறையும் ஒரு பெட்டி தடி ரப்பர் கிளவுஸும், பத்தாததுக்கு அரை டஜன் காட்டன் பனியனும் அனுப்பிவச்சேன். நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் காட்டன்தானே. பிள்ளை பொறந்தா காட்டன், காய்ச்சல்னா காட்டன், கல்யாணத்துக்குப் பட்டுக் கட்டினாலும் உள்ள காட்டன். குளிருக்கும் அதுதான்னு நெனச்சுட்டேன். மேரு ரோட்டுல கிளவுஸ் ஃபேக்டரியில இருபத்திரண்டு வருஷம் குவாலிட்டி பாத்தவ புத்தி அவ்வளவுதான் போச்சு. ஆனைக்கும் அடி சறுக்கும்னு அப்பா சமாதானம் சொல்றாரு, எனக்கு ஆறல.

நீ ஏன் ஒரு வார்த்தை கேக்காம அதைப் போட்டுக்கிட்டேன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் உன் ஸ்கூல் திடல் ஞாபகம் வந்துச்சு. அப்பா லோரி ஓட்டின காலத்துல போர்ட் கிள்ளான்ல யாரோ ஒரு மாலுமிகிட்ட அந்தப் பழைய கேமராவை வாங்கிட்டு வந்தாரே, அப்ப உனக்குப் பதினாலு வயசு. மண்டல ஃபுட்பால் போட்டியில சரியான மழை, எல்லாரும் கூரைக்கு ஓடுறாங்க, நீ மட்டும் கேமராவை வயித்துல அணைச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கிறே. நான் ஷிப்ட் முடிஞ்சு ஃபேக்டரி பஸ்ல வந்து இறங்கினேன். கைப்பையில ரிஜெக்ட் கிளவுஸ் இருந்துச்சு, வேண்டாம்னு ஒதுக்கினதை சூப்பர்வைசர் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுவாரு, அதை ஊதித்தானே நீயும் தம்பியும் அஞ்சு கொம்பு மாடுன்னு வெளையாடுவீங்க. கேமரா மேல ஒரு பிளாஸ்டிக் பையைக் கவுத்து, லென்ஸுக்கு ஓட்டை போட்டு, கிளவுஸோட மணிக்கட்டு வளையத்தை வெட்டி இறுக்கமா மாட்டிவிட்டேன். நீ கண்ணைத் தொடச்சுக்கிட்டு மழைக்குள்ள ஓடினே. அன்னிக்கு எடுத்ததுதான் கோல்கீப்பர் பொண்ணு சேத்துல பறக்கிற படம், இன்னும் நம்ம ஹால்ல மாட்டியிருக்கு. அம்மா கிளவுஸ் இருந்தா மழை என்ன பண்ணும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே. அந்த நம்பிக்கையிலதான் இப்பவும் போட்டிருக்கே. அதை நெனச்சா எனக்குப் பெருமையாவும் இருக்கு, குத்தமாவும் இருக்கு.

இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு, அதுதான் ரொம்ப சுடுது. நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் என் கையைப் புடிச்சுப் பாத்து, அம்மா உன் கை தண்ணியில ஊறின அப்பளம் மாதிரி இருக்குன்னு சிரிப்பே, தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி ஒவ்வொரு விரலா தேய்ச்சுவிடுவே. நாள் முழுக்க ரப்பருக்குள்ள இருந்த கை வேர்வையில ஊறித்தான் போகும், வெளித் தண்ணி உள்ள வராதுன்னா உள்ளத் தண்ணியும் வெளிய போகாது. இது எனக்குத் தெரியாததா. என் கையே சொன்ன பாடத்தை நான் மறந்துட்டு உன் கைக்கு அனுப்பியிருக்கேன்.

சும்மா அழுதுக்கிட்டு இருந்தா சரிப்படாதுன்னு சோதிச்சுப் பாத்துட்டேன். உனக்கு அனுப்பின மாதிரியே காட்டன், ரப்பர், உல்லன் மூணையும் வலது கையில மாட்டிக்கிட்டு, நடு வெயில்ல வீட்டுல இருந்து மீன் பாசாருக்கு நடந்தே போனேன். மீன்கடை சிவநேசன் அண்ணேகிட்ட ஐஸ் பெட்டியை ஒரு கால் மணி நேரம் குடுங்கன்னு கேட்டா, என்னக்கா புத்தி சரியாத்தான் இருக்கான்னாரு. ஒரு பிளாஸ்டிக் பையில கையை விட்டு ஐஸுக்குள்ள வச்சேன், அப்பா பக்கத்துல நின்னு போன்ல நேரம் பாத்தாரு. நாலு நிமிஷத்துல விரல் நோவ ஆரம்பிச்சுச்சு, ஏழுல எலும்புக்குள்ள ஊசி குத்துற மாதிரி, ஒம்பதுல ஒண்ணுமே தெரியல. வலி போச்சேன்னு சந்தோஷப்படுற மாதிரி இருந்துச்சு, அதுதான் பயமாவும் இருந்துச்சு. வெளிய எடுத்து உன் பழைய கேமராவை அமுக்கிப் பாத்தா, விரல் பட்டன் மேல இருக்கா இல்லையான்னுகூடத் தெரியல. ஐஸ் பெட்டிக்கே இப்படின்னா, நீ மூணு மணி நேரம். கெண்டை மீனுக்கும் கெளங்காவுக்கும் நடுவுல நின்னு அழுதுட்டேன் மா. அப்பா பாவம், வர்றவங்ககிட்ட எல்லாம் ஐஸ் குளிர்ச்சிலா, கண்ணுல தண்ணி வருதுன்னு சொல்லிச் சமாளிச்சாரு.

மறுநாள் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். அங்க உமையாள்னு ஒரு பொண்ணு குளிர் நாட்டுக்குப் போறவங்களுக்குத் துணிமணி வாடகைக்கும் விலைக்கும் குடுக்குது, ஆறு வருஷம் பனியில படிச்சிட்டு வந்த பிள்ளை. காட்டன்னு நான் வாயெடுத்ததுமே, ஆன்டி, அது வேர்வையைக் குடிச்சுக்கிட்டு காயவே காயாது, ஈரத்துணியைச் சுத்திக்கிட்டு நிக்கிறதும் அதுவும் ஒண்ணுன்னு சொல்லிடுச்சு. அது எடுத்துக் குடுத்ததுதான் இந்தப் பார்சல். மெல்லிசா ஆட்டுக் கம்பளியில பின்னுன உள் கிளவுஸ் மூணு ஜோடி, ஏறும்போது ஒண்ணு, நிக்கப்போறதுக்கு முன்னால கழட்டிட்டு காய்ஞ்சது ஒண்ணு, மிச்சத்தை நெஞ்சுப் பக்கத்து உள் பாக்கெட்டுல வை, கேமரா பேட்டரியும் அங்கேயே இருக்கட்டும், ரெண்டுக்கும் உடம்புச் சூடு வேணுமாம். அதுக்கு மேல தடியா பை மாதிரி ஒரு கிளவுஸ், நாலு விரலும் ஒண்ணாவே இருக்கும், விரல் பக்கம் மூடியை மடிச்சா பட்டன் அமுக்கலாம், உடனே மூடிக்கலாம். சூடு பண்ற பொட்டலம் வைக்க அதுலயே பை இருக்கு. இதையும் அதே பாசார் வெயில்ல நடந்து, உள் கிளவுஸை மாத்தி, அதே ஐஸ் பெட்டியில கால் மணி நேரம் வச்சுப் பாத்தேன். விரல் அசைஞ்சுச்சு, கேமராவும் அமுங்குச்சு. சிவநேசன் அண்ணே காசு வாங்கல, ரெண்டு கெளங்காவைத்தான் தலையில கட்டிட்டாரு.

பனியனை எல்லாம் வீட்டுல தூங்குறதுக்குப் போட்டுக்கோ. மலை ஏறும்போது ஜாக்கெட் ஜிப்பைத் திறந்துவிட்டு மெதுவா ஏறு, வேர்க்க விடாதே. நின்ன உடனே மூடு, கால்ல வெறும் பனி படாம ஏதாவது அட்டையைப் போட்டு அது மேல நில்லு. ஆனா இதெல்லாம் டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான். மார்ச் மாசப் போட்டிக்கு ஒத்துக்கிட்டிருக்கியாம், அதையும் அவன் சொல்லிட்டான். போகாதேன்னு நான் சொல்லமாட்டேன், சேத்துல பறந்த பிள்ளையைப் படம் எடுத்தவளை வீட்டுல உக்காரவைக்க எனக்கு மனசு வராது. டாக்டர் வேண்டாம்னா மட்டும் அந்த ஒரு போட்டி போகட்டும். போட்டி அடுத்த வருஷமும் வரும், விரல் வராது. இங்க இருக்கிற சூட்டைக் கண்டெய்னர்ல ஏத்தி அனுப்ப முடியுமான்னு அப்பா கேக்குறாரு.

பார்சலுக்கு அடியில ஒரு தாள் சிவப்பு ஸ்டிக்கர் இருக்கும், ஃபேக்டரியில நான் ரிஜெக்ட்டுக்கு ஒட்டுனதோட மிச்சம். நான் அனுப்புறதுல எது உனக்குச் சரியில்லையோ, அதுல ஒண்ணை ஒட்டிப் படம் எடுத்து அனுப்பு. அம்மா மனசு நோகுமேன்னு பாக்காதே, ரிஜெக்ட் பண்ணிப் பண்ணியேதான் உன்னைப் படிக்கவச்சேன். இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை லட்சம் கிளவுஸுக்குத் தண்ணி ஊத்திப் பாத்திருப்பேன், முகம் தெரியாதவங்க கைக்கு ஒரு ஓட்டையை நான் அனுப்புனதில்ல. தப்பிப்போனது ஒரே ஒரு ஜோடி, அது என் பிள்ளை கைக்கே வந்துருச்சு.

முருகன் உனக்குத் துணை இருப்பான், உன் பத்து விரலும் பத்திரமா இருக்கணும்னு கும்பிட்டுக்கிட்டே இருக்கேன். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாரு. ஒரு மாசமா வீடியோ கால்ல இடது கையாலேயே போனைப் புடிக்கிறே, நானும் கவனிக்காத மக்காவே இருந்திருக்கேன். இந்த ஞாயித்துக்கிழமை வலது கையைக் காட்டு. எண்ணெய் தேய்ச்சுவிட முடியாது, பாத்துக்கவாவது செய்றேன்.

உன் அம்மா,
சீதாலெட்சுமி