இஸ்பேட்டு இல்லாமல் இஸ்பேட்டு கேட்ட சம்பந்தியம்மாவுக்கு

என் பிரியத்துக்குரிய சம்பந்தியம்மா,

உறையூரிலிருந்து கமலா எழுதுகிறேன். முதலில் நம் பிள்ளைகளின் சமாசாரம். நீங்கள் இருந்தால் என்னைச் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் அதைத்தானே கேட்பீர்கள்?

பெரிய பேத்தி வசந்தி கணக்கில் வகுப்புக்கே முதல். தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டுத் தன் பேனாவையே பரிசாகக் கொடுத்தாராம். முரளி ஓட்டப் பந்தயத்தில் எவர்சில்வர் டம்ளர் ஜெயித்திருக்கிறான். இப்போது அதில் ஊற்றினால்தான் பால் இறங்குகிறது. நீங்கள் போனபோது தவழ்ந்துகொண்டிருந்த கடைக்குட்டி தெருக்கோடி வரை ஓடுகிறான், பிடிக்க ஆள் போதவில்லை. என் சின்னவன் சேகருக்குக் கைலாசபுரத்துப் புதுத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸும் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் இத்தனை பெருமை அடிக்கலாமா என்றால், அடிக்கலாம். நீங்கள் இல்லாததால் உங்கள் பங்கையும் சேர்த்து நான்தானே அடிக்க வேண்டியிருக்கிறது?

இனி என் மனதில் கிடக்கும் கேள்விக்கு வருகிறேன். மாதர் சங்க மலரில் இந்தக் கடிதத்தைப் போடப்போகிறார்கள். சீட்டாட்டம் தெரியாதவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு கட்சி. சீட்டைப் போட்டதும் ஆடத் தொடங்குவதில்லை. முதலில் ஏலம். இஸ்பேட்டா, ஆர்ட்டினா, என் கையில் எது அதிகம், எத்தனை சுற்றை ஜெயிப்பேன் என்று முறை வைத்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் கூட்டாளி நம் கையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜாடை கூடாது. சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எதிர்க்கட்சி கேட்டால், சொன்னவர் இல்லை, அவருடைய கூட்டாளி பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நம் இரண்டு வீட்டு ஆண்களும் ரயில்வேயில் ஒரே ஆபீஸ், கிளப்பில் ஒரே மேஜை. என் பெண் சரோஜாவுக்கும் உங்கள் இளைய பிள்ளைக்கும் கல்யாணப் பேச்சே அந்த மேஜையில்தான் எழுந்தது. இருந்தாலும் பெண்ணைக் கொடுத்தவர்கள் நினைத்தபோதெல்லாம் சம்பந்தி வீட்டுக்கு வந்து நிற்க முடியுமா? ஊர் என்ன சொல்லும்? அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழிதான் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு. "நாலு கை வேணும், ரெண்டு கைதான் இருக்கு" என்று ஆள் அனுப்பினீர்கள். ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறுவதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. காப்பி டம்ளரோடு வருகிற சரோஜாவின் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். அப்போது அவளுக்கு வசந்தி வயிற்றில் ஐந்தாம் மாதம்.

அந்த நாளில்தான் முதல் கோளாறு. நீங்கள் ஏலத்தைத் தொடங்கி ஒரு இஸ்பேட்டு என்றீர்கள். என் கையில் ஆசும் ராஜாவுமாக ஐந்து இஸ்பேட்டு. சம்பந்தியம்மாவிடம் இருக்கிறதே, நாம் எங்கே குறுக்கிடுவது என்று வாயை மூடிக்கொண்டேன். உங்கள் கூட்டாளியான உங்கள் வீட்டுக்காரர் நல்ல கை வைத்திருந்தும் ஏலத்தை மேலே ஏற்றாமல் பாஸ் என்று விட்டுவிட்டார். ஆட்டம் முடிந்து பார்த்தால் உங்களிடம் இருந்தது இரண்டே இரண்டு பொடி இஸ்பேட்டு. பெரிய ஆட்டம் எங்கள் கையைவிட்டு நழுவியிருந்தது. எல்லோரும் சிரித்தோம். "வீட்டுல பொய் சொன்னாப் பாவம், சீட்டுல சொன்னா ஆட்டம்" என்றீர்கள்.

சில வாரம் கழித்து ஆர்ட்டினில் அதே கதை. அப்போதும் அவர் உங்களை நம்பவில்லை. நீங்கள் நிஜமாக வைத்திருந்த நாளில் மட்டும் தயங்காமல் நம்பினார். எப்படி?

திரும்பி வரும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: "பொய் சொல்றது தப்பே இல்ல கமலா. ஆனா கூட்டாளியும் சேர்ந்து ஏமாறணும். அவர் ஏமாறலையே. ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்க." இனி ஸ்ரீரங்கத்துக்கு வருவதில்லை என்றும் சொன்னார். நேரே கேட்டுவிடலாமே என்றால், நான் கேட்டால் சண்டையாகும், பெண் அந்த வீட்டில் இருக்கிறாள் என்றார். கேட்காமல் நின்றுவிட்டால் மட்டும் பெண்ணைப் பார்க்க முடியுமா?

இன்னும் ஒரே ஒரு ஞாயிறு என்று கெஞ்சி அழைத்து வந்தேன். நீங்கள் அன்றும் இஸ்பேட்டு என்றீர்கள். ஏலம் என்னிடம் வந்தது. சட்டப்படி நான் உங்கள் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். சரோஜாவுக்குக் கல்யாணமானதிலிருந்து அவரிடம் நான் ஒரு வார்த்தை நேரே பேசியதில்லை. சம்பந்தியிடம் எப்படிப் பேசுவது? கைக்கெட்டும் தூரத்தில் அவர் உட்கார்ந்திருக்க, உங்களைப் பார்த்துக் கேட்டேன்:

"சம்பந்தியம்மா, நீங்க இஸ்பேட்டுன்னு சொன்னா அவங்க என்னன்னு எடுத்துக்கிறாங்க? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

நீங்களும் முகம் மாறாமல் அவர் பக்கம் திரும்பி, "கேக்குறாங்க, சொல்லுங்க" என்றீர்கள். எங்கள் வீட்டுக்காரர் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா காப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

உங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். "இதுல என்ன ரகசியம்? கையில இருந்தா மெதுவாச் சொல்லுவா. இல்லேன்னா அடுக்களைக்குக் கேக்குற மாதிரி சொல்லுவா. காய்காரன்கிட்ட, எதிர்வீட்டுல பாதி விலைக்கு வாங்கினாங்கன்னு பொய் சொல்றப்பவும் இதே குரல்தான்."

பேசி வைத்ததில்லை. குடித்தனம் நடத்தியதில் தெரிந்தது. ஆனால் அது எங்களுக்குத் தெரியாதே, அப்படியானால் அது நியாயமா, அநியாயமா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உங்கள் முகம் சிவந்தது எங்களால் இல்லை. "இத்தனை வருஷமாத் தெரிஞ்சுகிட்டே இருந்தீங்களா?" என்று அவரைக் கேட்டீர்கள். சீட்டைப் பற்றி மட்டுமா கேட்டீர்கள்?

அப்புறம் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, "எழுந்திரிங்க. அந்த இடத்துல சம்பந்தியம்மா உக்காரட்டும்" என்றீர்கள். பெண்ணைக் கொடுத்தவள் பிள்ளையைப் பெற்றவளுக்கு நேர் எதிரே, சரிக்குச் சரியாக. அன்றிலிருந்து நாம் இருவரும் ஒரு கட்சி. ஆண்கள் இருவரும் ஒரு கட்சியாகித் தோற்றுத் தோற்று ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டார்கள். ஒரு ஞாயிறும் தவறவில்லை. என் பெண் வீட்டுக்குப் போக எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

நீங்களும் பழகிக்கொண்டீர்கள். நிஜத்தையும் பொய்யையும் ஒரே குரலில், சமமாகச் சொல்லப் பழகிவிட்டீர்கள். எத்தனை தடவை உங்களை நம்பி நானும் குழியில் விழுந்திருக்கிறேன்.

நீங்கள் படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் தினமும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், வலிக்கிறதா என்று. "வலியெல்லாம் ஒண்ணும் இல்ல சம்பந்தியம்மா. வசந்திக்குத் தலை பின்னி விடுங்க." அந்தச் சமமான குரல். நான் நம்பினேன். அது எந்தக் கையை வைத்துக்கொண்டு சொன்னது?

நீங்கள் போன பிறகு ஒரு வருஷம் யாரும் சீட்டைத் தொடவில்லை. விசேஷத்துக்கு வந்தோம், போனோம். தலைத்திவசம் முடிந்து நான் கிளம்பும்போது உங்கள் வீட்டுக்காரர் கூடத்துக்கு வந்தார். நடுவில் நீங்கள் இல்லை. முதல் முறையாக என்னிடம் நேரே கேட்டார்:

"வலியில்லேன்னு சொன்னாளே. உங்களுக்காவது தெரிஞ்சுதா?"

நானும் நேரே சொன்னேன். "தெரியலைங்க. கூட்டாளியும் சேர்ந்துதான் ஏமாந்தேன்."

"அப்ப அவ சரியாத்தான் ஆடியிருக்கா" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வாங்க. சரோஜாவுக்கு ஏலம் சொல்லத் தெரியுது" என்றார்.

வருவேன் சம்பந்தியம்மா. கால் நடக்கும்வரை ஒரு ஞாயிறும் தவறாது. உங்கள் மருமகள் என் எதிரே உட்கார்ந்து என்ன கேட்டாலும் நம்பி ஆடுகிறேன். பெற்றவள் என்று அவள் முகத்தைப் படிக்க மாட்டேன், இது சத்தியம்.

பம்பாயில் இருக்கும் உங்கள் மூத்த பிள்ளை இதைப் படித்தால் அவனுக்கு ஒரு வார்த்தை. கூடத்தில் மாட்டியிருக்கும் அம்மாவின் படம் கல்யாணப் படத்திலிருந்து பெரிதாக்கியது. பட்டும் நகையுமாக விறைத்து உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. அம்மா சிரிக்கிற மாதிரி ஒன்று உன்னிடம் இருந்தால் புதிதாகப் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பப்பா. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பு, மடங்கிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் எதிர்நாற்காலிக்காரி, நம் பேரன் பேத்திகளின் அம்மாவைப் பெற்றவள்,
கமலா