ஓடைக்கு ஊற்றிய தண்ணீர்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
12-3-1934

அன்புள்ள தம்பி கார்த்திகேசுவுக்கு,

உங்கள் அப்பாவைக் கேட்காமல் எழுதுகிறேன், முதலில் அதற்கு மன்னிக்க வேண்டும். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷமாகியும் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நான்கே வயது மூத்தவள் தாய் ஸ்தானத்தில் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. இங்கு யாவரும் சுகம், ரங்கூனில் நீங்களும் அப்படியே இருக்க அம்மனை வேண்டுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மலையின் கீழ்ப்பாதிக் காட்டை அப்பா போன வருஷம் வெட்டிக் கிராம்பு வைத்தது உங்களுக்குத் தெரியும். கல்லூரிப் பழக்கத்தில் நான் தினமும் காலையில் முற்றத்து டின்னில் மழையை அளந்து எழுதி வைக்கிறேன். மழை குறையவில்லை. முன்பு அது இலையில் விழுந்து, சருகில் இறங்கி, வேரிடையில் தங்கி, வாரக்கணக்கில் ஓடையாகக் கசிந்தது. மிச்சத்தைக் காடே மூச்சாக விட்டதில் மாலையில் சரிவெல்லாம் பனிமூட்டமாக நிற்கும். இப்போது மழை பிடித்த அரைமணியில் செந்தண்ணீர் அடுப்படிவரை வருகிறது, ஐந்தாம் நாள் ஓடையில் கல்தான் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். பி.ஏ. படிச்சவ டின்னப் பாத்துக்கட்டும், மலைய நான் பாத்துக்கிறேன் என்றார். டின்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாசித் திருவிழாவுக்குக் கரகத்தில் அந்த ஓடைத் தண்ணீரைத்தானே மொள்ள வேண்டும். ஓடையில் சொட்டு இல்லை. கோயில் தலைவர் என்ற முறையில் அப்பா முனிசிபல் குழாயில் ஆறு பீப்பாய் பிடித்து, மாட்டுவண்டியில் கொண்டுவந்து ஓடையில் ஊற்றச் சொன்னார். பூசாரி குனிவதற்குள் நான்கு பீப்பாயை மணல் குடித்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆசியா பீவி அக்கா வேலியோரம் நின்று, ஏங்க மொதலாளி, ஓடைக்கே தாகம் எடுத்திருச்சா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஆறாவது பீப்பாயில் கரகம் நிறைந்தது, மேளம் அடித்தார்கள். அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள், ஓடைதான் போச்சே, மேக்காட்டையும் வெட்டிரலாம் என்றார்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், ஆபீசில் அப்பாவைப் போல் கோபப்படாதீர்கள். அம்மன் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும். கன்றுக்கு ஒரு பெயர் எழுதி அனுப்ப மறக்க வேண்டாம்.

உங்கள் சின்னம்மா,
நவமணி

பி.கு.: இதே கப்பலில் அப்பா அனுப்பும் பத்திரமும் வரும். மேல்காடு உங்கள் அம்மா வழியில் உங்கள் பேருக்கு வந்ததால், நீங்கள் சம்மதிக்காமல் வெட்ட முடியாது. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். அப்பா காரணம் கேட்டால் என் பெயரையே சொல்லுங்கள்.