எனக்கும் அரிக்கிறது

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. தையல் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டேன். கஞ்சி குக்கரில் இருக்கிறது. நேற்று நீங்கள் வீசியெறிந்த காசநோய் மாத்திரை அட்டை அலமாரியில் இருக்கிறது.

"இந்த மாத்திரைதான் உடம்பெல்லாம் அரிக்குது. செத்தாலும் இனி தொடமாட்டேன். நீயும் எல்லார் மாதிரி ஒதுங்கிப் போயிடு"ன்னு கத்தினீர்கள்.

காலையில் எழுந்தால் என் விரலிடுக்கிலும் ஒரே அரிப்பு. உங்கள் கையில் இருக்கிற அதே பொரிப்பொரி. நான்தான் ஒரு மாத்திரையும் விழுங்கவில்லையே! எதிர்வீட்டு நர்ஸ் அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

"சிரங்கு மாதிரி இருக்கு. அவர்கிட்டேர்ந்து ஒட்டியிருக்கும். பத்து மணிக்கு வந்து அவரையும் பாக்கிறேன். அவரா மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு" என்றார்.

அரிப்பு வந்ததற்குச் சந்தோஷப்பட்டவள் ஊரிலேயே நான் ஒருத்திதான்.

அக்கா வந்ததும் சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள். "ஒண்ணுமில்ல"ன்னு மழுப்பாதீர்கள்.

ஒதுங்கிப் போனவளுக்குச் சிரங்கு எப்படி ஒட்டும்? இனி இருமலால் நோய் பரவாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, நீங்கள் தூங்கியதும் உங்கள் போர்வைக்குள்தான் நான் வந்து படுக்கிறேன். உங்களுக்குத் தெரியாது.

மறந்துவிட்டேன்: போர்வையை வெந்நீரில் துவைக்க வேண்டுமாம். நீங்கள் தூக்காதீர்கள், மூச்சு வாங்கும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று: பூசுவதற்கு மருந்து தருவார்களாம். உங்கள் முதுகுக்கு நான் பூசுகிறேன். என் முதுகும் எனக்கு எட்டாது.