பெங்கெராங்குக்கு வராத கப்பல்

ஜூன் 9, செவ்வாய்

விடாத மழை. துவைத்த துணி எல்லாம் கூடத்தில் தொங்குகிறது.

வீட்டுக்காரரிடமிருந்து செய்தி. ஓமானில் எரிவாயு ஏற்றி, அவர் இன்ஜினியராக இருக்கும் கப்பல் கிளம்பிவிட்டதாம். இறக்குவது நம் ஊர்ப்பக்கம், பெங்கெராங் துறைமுகத்தில். 18ஆம் தேதி வீட்டில் இருப்பார். 21 மகள் கவிதா கல்யாணம்.

வளைகுடாச் சண்டையை டிவியில் காட்டும்போதெல்லாம் சேனலை மாற்றிவிடுகிறேன். நல்லவேளை, ஓமான் துறைமுகம் ஹார்முஸ் நீரிணைக்கு வெளியே. கத்தார் கப்பல்கள் உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கின்றன. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்.

வாங்க: விரலி மஞ்சள், வெற்றிலை, அவருக்கு எட்டு முழ வேட்டி (நாலு முழம் தொப்பைக்குப் பத்தாது).

ஜூன் 14, ஞாயிறு

வெயில். கப்பல் பார்க்கும் ஆப்பில் நேற்று வரை போகுமிடம் பெங்கெராங். இன்று ஜப்பான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஜப்பான்தான்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

“சரக்க நடுக்கடல்ல வித்துட்டாங்கமா. ஹார்முஸுக்கு உள்ள இருக்கிற கேஸ் வரல. வெளிய இருக்கிறதுக்கு எல்லாரும் அடிச்சிக்கிறாங்க. ஜப்பான்காரன் கூட வெல குடுக்கிறான்.”

“நீங்க மட்டும் வழியில இறங்கிக்கலாம்ல?”

“மாத்து இன்ஜினியர் ஜப்பான்லதான் ஏறுறாரு. இன்ஜின் ரூம யாருகிட்ட விட்டுட்டு வர்றது?”

ஹார்முஸுக்கு வெளியே இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தேன். அதனாலேயே அவர் வருவது கை நழுவிப் போயிற்று. யார் மேல் கோபப்படுவது? ஜப்பானிலும் அடுப்பு எரிய வேண்டாமா? கொஞ்சம் அழுதேன். பிறகு சாம்பார் வைத்தேன்.

ஜூன் 16, செவ்வாய்

கவிதா சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டு வந்துவிட்டாள். முகம் உம்மென்று. அவருக்குப் பதில் தாரை வார்த்துக்கொடுக்கக் கொழுந்தனாரும் அவர் மனைவியும் சம்மதித்தாயிற்று. இவள்தான் பிடிவாதம்.

“அப்பா என்னைப் பாக்காம நான் மணவறையில உட்கார மாட்டேன்மா. தள்ளி வைங்க.”

அப்படியே அப்பா பிள்ளை. மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது?

இரவு அவர் செய்தி: வெள்ளி மதியம் கப்பல் தஞ்சோங் பியாய் முனையைத் தாண்டும். நம் பொந்தியானிலிருந்து கார் ஓட்டினால் கொஞ்ச தூரம்தான்!

ஜூன் 19, வெள்ளி

மேகமூட்டம். காலையில் நலங்கு. மஞ்சள் பூசிக் காப்பும் கட்டியாகிவிட்டது. இனித் தாலி ஏறும்வரை பெண் வாசல் தாண்டக் கூடாது. மூன்று நாளாக இதை அவள் காதில் ஓதியது நான். கார் சாவியை எடுத்ததும் நான்.

“அலமாக்! காப்பு கட்டின புள்ளய கடலுக்கா கூட்டிட்டுப் போற?” அவர் அக்கா கத்தினார்.

“ஆமா அண்ணி. வந்து திட்டு வாங்கிக்கிறேன்.”

அண்ணி முறைத்தார். உள்ளே போய் வேப்பிலையும் எலுமிச்சையும் கொண்டுவந்து கவிதா கையில் திணித்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முனையின் பலகை நடைபாதையில் போய் நின்றோம். கடலில் ஏகப்பட்ட கப்பல்கள். முதுகில் நாலு பெரிய உருண்டை எரிவாயுத் தொட்டியோடு வந்தது அவருடையது. போன் அடித்தது.

“அப்பா மேல்தளத்துல நிக்கிறேன்டா. ஆரஞ்சு சட்டை.”

அத்தனை தூரத்தில் ஆள் எங்கே தெரியும்? கவிதா மஞ்சள் துப்பட்டாவை இரண்டு கையாலும் ஆட்டினாள்.

“தெரியுதுடா, நல்லா தெரியுது” என்றார். பொய் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் ஏறும். ஏறியது.

“கும்பிட்டுக்கிறேன்பா” என்று சொல்லிக் கவிதா பலகை நடைபாதையிலேயே விழுந்து கும்பிட்டாள். போனில் இன்ஜின் சத்தத்தை மீறி, “நல்லா இருடா.”

எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“போலாம்மா. ஞாயித்துக்கிழமை மணவறையில உட்கார்றேன்.”